நர்ஸம்மா எழுதும் கணக்கை நம்பலாமா?

"எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வருகிறார், கிராம சுகாதார செவிலியரும் வருகிறார். பி.பி. பார்க்கிறார்கள், ஏதேதோ கேட்டு போனில் ஏற்றுகிறார்கள். டாக்டர் அல்லாத இவர்கள் சேகரிக்கும் தகவலை வைத்தா அரசாங்கம் திட்டம் போடுகிறது? இதற்கு அப்படி என்ன திறமை வேண்டும்? நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். களப்பணியாளர் பயிற்சிகளோடு பல வருடம் தொடர்பில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுருக்கமான பதில்: சில எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், சிலவற்றை நம்பக் கூடாது. எது எந்த வகை என்பதை அந்தப் பெண்ணின் படிப்பு தீர்மானிப்பதில்லை. அந்த எண்ணை எழுதியதும் அவரால் அதை வைத்து ஏதாவது செய்ய முடிகிறதா, அல்லது மேலே அனுப்புவதற்காக மட்டும் எழுதுகிறாரா என்பதுதான் தீர்மானிக்கிறது.

யார் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 8,700-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே இருப்பவர்தான் கிராம சுகாதார செவிலியர், ஊர்க்காரர்களுக்கு நர்ஸம்மா. கர்ப்பிணிகள், குழந்தைகள், தடுப்பூசி எல்லாம் அவர் பொறுப்பு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கவும் மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கவும் வந்து சேர்ந்தார்கள். மற்ற மாநிலங்களில் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று இருக்கும் ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர், நம் ஊரில் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான்.

இவர்களுக்கு வேண்டிய திறமை என்றதும் எல்லோருக்கும் படிவம் நிரப்புவது, ஆப்பில் பதிவது என்றுதான் நினைவுக்கு வருகிறது. அது கடைசியில் வருவது. முதலில் வேண்டியது, நோட்டில் யார் இல்லை என்று தெரிவது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 5,000 பேர் உள்ள பகுதி. 2020-ல் தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 14. அப்படியானால் வருடத்துக்கு 70 பிரசவம். கருக்கலைவு போன்றவற்றுக்காக 10 சதவீதம் சேர்த்தால் 77 கர்ப்பம். எந்த நாளில் நோட்டைத் திறந்தாலும் அதில் பாதி, அதாவது 38 பேர் அளவுக்குப் பதிவில் இருக்க வேண்டும். நோட்டில் 22 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மீதி எங்கே? ஒருவேளை ஊரில் இளைஞர்கள் குறைவாக இருக்கலாம், வேலைக்கு வெளியூர் போயிருக்கலாம். அல்லது செங்கல் சூளையில் ஒடிசாவிலிருந்து வந்த நான்கு குடும்பம் யார் கணக்கிலும் வராமல் இருக்கலாம். தனியார் மருத்துவமனைக்கு நேராகப் போய்விடும் வீடுகள் இருக்கலாம். கல்யாணமாகாத பெண் ஒருத்தி இருக்கலாம். அனுபவமுள்ள நர்ஸம்மா இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட மாட்டார், ஆனால் "இந்த மாசம் கம்மியா இருக்கே, சூளைப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று கிளம்புவார். எனக்கு அதைவிடப் பெரிய புள்ளியியல் அறிவு தெரியவில்லை.

வட மாநிலங்களில் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாகப் போனவர்கள் கதவில் சாக்பீஸால் குறி போடுவார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டது என்றால் 'பி'. வீடு பூட்டியிருந்தாலோ, குழந்தை வெளியே போயிருந்தாலோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டாலோ 'எக்ஸ்'. கொடுத்த வீட்டின் எண்ணிக்கையைவிட 'எக்ஸ்' வீடுகள் எத்தனை, அவற்றில் எத்தனை மறுநாள் 'பி' ஆனது என்பதைத்தான் மேற்பார்வையாளர்கள் துருவினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வராமல் போனதில் இந்த விடுபட்டோர் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊரில் இந்த விஷயத்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: தாய்வீடு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். புகுந்த வீட்டு நர்ஸம்மா நோட்டில் அவள் கர்ப்பிணி, பிறந்த வீட்டு நர்ஸம்மா நோட்டில் புதிதாக வந்தவள். ஒரே பெண் இரண்டு இடத்தில் எண்ணப்படலாம், அதைவிட மோசம், 'அங்கே பார்த்துக்கொள்வார்கள்' என்று இரண்டு இடத்திலும் விடுபடலாம். பிக்மி என்று சொல்லப்படும் கர்ப்பிணிப் பதிவு முறையில் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுப்பது இதற்காகத்தான். பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அந்த எண் வேண்டும் என்று கட்டியதால் பதிவு நன்றாகவே கூடியது. ஆனாலும் எண் மட்டும் போதாது. போனில் "எந்த ஊருக்குப் போயிருக்கா, அங்க சிஸ்டர் யாரு" என்று கேட்டு அந்தப் பகுதிக்குத் தகவல் சொல்கிறவர் இல்லை என்றால் கணினிக்கு எதுவும் தெரியாது.

அடுத்தது, கேட்கும் திறமை. படிவத்தில் "கடைசி மாதவிடாய் தேதி" என்று ஒரு கட்டம் இருக்கும். பிரசவ தேதி முழுக்க அதை வைத்துத்தான்: அந்தத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுவது வழக்கம். ஆனால் எத்தனை பெண்களுக்கு அந்தத் தேதி நினைவிருக்கும்? "ஞாபகம் இல்லீங்க" என்பாள். அப்போது அனுபவம் இல்லாதவர் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார், பெரும்பாலும் 1 அல்லது 15. தெரிந்தவர், "ஆடிப்பெருக்குக்கு முன்னாடியா, பின்னாடியா? கோயிலுக்குப் போனியா, போகலையா?" என்று கேட்பார். கோயிலுக்குப் போகாமல் இருந்த நாள் பெண்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அமாவாசை, ஊர்த் திருவிழா, பள்ளி திறந்த நாள் என்று பிடித்துப் பிடித்து நான்கைந்து நாள் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். தேதி ஒரு மாதம் தப்பினால் குறைப்பிரசவம் நிறைமாதப் பிரசவமாகத் தெரியும், நாள் கடந்த கர்ப்பம் கவனத்துக்கே வராது.

புகையிலைக் கேள்வியும் அப்படித்தான். 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்கும் தொற்றாநோய் ஆபத்துப் படிவத்தில் வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். நான்குக்கு மேல் போனால் அவரை முன்னுரிமை கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். "பாட்டி, புகையிலை போடுவீங்களா?" என்றால் "சேச்சே, அதெல்லாம் இல்ல, வெத்தலை மட்டும்தான்" என்று பதில் வரும். "வெத்தலையோட என்ன சேர்த்துக்குவீங்க?" என்று கேட்டால்தான் சுருக்குப்பையிலிருந்து புகையிலைக் காம்பு வெளியே வரும். ஆண்களிடம் "குடிப்பீங்களா?" என்பதும் வீண் கேள்வி. மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் இன்னும் வீண். "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று சாதாரணமாக, தனியாகக் கேட்டால் பதில் வருகிறது. மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறாரா என்பதற்கு எந்தக் கேள்வியும் வேண்டாம், "அட்டையை எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்" என்றாலே போதும். போன மாதம் கொடுத்த 30-ல் 19 மிச்சமிருக்கும்.

மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை எந்தக் கையேடும் முழுதாகச் சொல்லித் தராது. "கொஞ்சம் தண்ணி கொடும்மா" என்று சமையலறைப் பக்கம் நகர்த்திக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கருக்கலைப்பு, காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றில் ஒரு வார்த்தை தெருவுக்குப் போய்விட்டால் அந்த வீட்டுக் கதவு மட்டுமல்ல, அந்தத் தெருவே மூடிக்கொள்ளும். அதே ஊர்க்காரியாக இருப்பது இதில் பலம், அதே அளவுக்குப் பலவீனமும்கூட. பக்கத்து வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்ல யாருக்கும் மனசு வராது.

அளக்கும் திறமைக்கு வருகிறேன். இங்கேதான் சின்னச் சின்னத் தப்புகள் பெரிய எண்களைக் கெடுக்கின்றன. ரத்த அழுத்தம் பார்ப்பது பட்டனை அழுத்தும் வேலை என்று நினைப்போம். நடந்து வந்தவரை உடனே உட்காரவைத்துப் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், ஐந்து நிமிடம் சும்மா இருக்கவிட வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், தொங்கவிட்டால் கூடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் கூடும். முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தால் கூடும். பேசிக்கொண்டே இருந்தால் கூடும், நம் மக்களோ அப்போதுதான் மகன் கதையை ஆரம்பிப்பார்கள். சர்க்கரைக்கு விரல் நுனியில் ஸ்பிரிட் காயும் முன்பே குத்தினாலும், மாம்பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் குத்தினாலும் எண் தப்பும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்திருந்தால் ஈரம் பட்டுக் கெட்டுவிடும். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று எழுதாத சர்க்கரை அளவு கிட்டத்தட்டக் குப்பைதான்.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றாநோய்க் கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம், ஆனால் அவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது என்று வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் பிறந்ததற்கு இந்த இடைவெளிதான் முக்கியக் காரணம். இப்போது கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டுமானால், தன்னார்வலர் திண்ணையில் எடுக்கும் அளவைத்தான் நம்பியாக வேண்டும்.

அளந்தாரா, அளக்காமல் எழுதினாரா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: கடைசி இலக்கம். மின்னணுக் கருவி 127, 134, 81 என்று எல்லா இலக்கத்தையும் காட்டும். ஒரு பகுதியின் பட்டியல் முழுக்க 120/80, 130/80, 110/70 என்று பூஜ்யத்தில் முடிந்தால், அது கருவியிலிருந்து வந்ததில்லை, தலையிலிருந்து வந்தது. குழந்தைகளின் எடை 2.5, 3.0 என்று அரை அரை கிலோவாகக் குவிந்திருந்தாலும் அதே கதைதான். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்று கூடுதல் வேலை வரும். அதனால் சரியாக 2.5-ல் குழந்தைகள் அதிகம் 'பிறக்கின்றன'.

குழந்தைக்கு நிமோனியாவா என்று பார்க்க மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவை எட்டினால் வேகமான மூச்சு. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது. கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால், எண்ணியதில் ஒன்று தப்பினால் விடையில் நான்கு தப்பும். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் தம்பதி அபய் பங்கும் ராணி பங்கும் நடத்தும் 'சர்ச்' அமைப்பு, அதிகம் எண்ணத் தெரியாத கிராமத்து மருத்துவச்சிகளுக்காக ஒரு கருவி செய்தது. ஒரு மணல் கடிகாரம், கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும், மணல் தீருவதற்குள் சிவப்பு மணியைத் தொட்டால் நிமோனியா. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். அங்கே 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களே பச்சிளம் குழந்தைகளைக் கவனித்த சோதனையின் முடிவு 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்து, பின்னாளில் நாடு முழுக்க ஆஷாக்கள் வீட்டுக்குப் போய்ப் பச்சிளம் குழந்தையைப் பார்க்கும் திட்டத்துக்கு வழி செய்தது. படிப்பு குறைவு என்பதால் தகவல் தப்பும் என்ற உங்கள் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

மேல்கை அளவு நாடாவும் அப்படித்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிப் பார்த்தால் 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. சிவப்பு என்றால் உடனே அனுப்ப வேண்டும். அளந்த கையோடு முடிவும் தெரிந்துவிடுகிறது. இங்கே யாரும் மனதார எண்ணை மாற்றி எழுதுவதில்லை, மாற்றினால் கண்ணெதிரே இருக்கும் குழந்தைதான் கெடும். 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இப்படித்தான் வேலை செய்கிறது. நோயாளியின் எடை உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று டாக்டர் அல்லாத பணியாளரே பார்த்து, மோசமான நிலையில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க அனுப்புகிறார். பெரிய ஆய்வகம் எதுவும் வேண்டியதில்லை.

இறப்பைப் பதிவது இருப்பதிலேயே கடினமான வேலை. பிறந்து சில நிமிடத்தில் போய்விட்ட குழந்தையை "செத்தே பிறந்தது" என்று சொல்லிவிடுவார்கள், சில சமயம் மருத்துவமனையே. "பிறந்ததும் அழுததா? கையைக் காலை அசைத்ததா? ஒரு தடவையாவது மூச்சு விட்டதா?" என்று துக்க வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். 15 முதல் 49 வயதுக்குள் எந்தப் பெண் இறந்தாலும், கர்ப்பமாக இருந்தாளா, பிரசவமோ கருக்கலைப்போ ஆகி 42 நாளுக்குள்ளா என்று விசாரிக்க வேண்டும். தீக்காயம், தற்கொலை, "திடீர்னு வயித்து வலி" என்று சொல்லப்படும் மரணங்களுக்குள் கர்ப்பம் ஒளிந்திருக்கும். 1990-களிலிருந்தே தமிழ்நாடு ஒவ்வொரு தாய் மரணத்தையும் இப்படி வீட்டுக்குப் போய் விசாரித்து வருகிறது. 2018-20 காலத்தில் இங்கே தாய் இறப்பு விகிதம் லட்சம் பிறப்புக்கு 54, இந்திய அளவில் 97. விசாரணை மட்டும் அதைக் குறைத்துவிடவில்லைதான். ஆனால் ரத்தம் கிடைக்கவில்லையா, வண்டி வரவில்லையா, வீட்டில் தாமதமா என்று தெரிந்த பிறகுதான் ரத்த வங்கிக்கும் 108-க்கும் பணம் எங்கே போட வேண்டும் என்று தெரிந்தது.

தருமபுரி, சேலம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளையும் சொல்ல வேண்டும். பெண் சிசுக் கொலை நடந்துகொண்டிருந்த காலத்தில், போலீஸ் பதிவில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. பதிவேட்டில் பெண் குழந்தையின் மரணத்துக்கு நேரே 'சமூகக் காரணம்' என்று எழுதப்பட்டிருந்தது. வெளிப்படையாகக் குற்றம் சாட்டினால் ஊருக்குள் கால் வைக்க முடியாது, பொய் எழுதவும் மனம் ஒப்பவில்லை, அதற்கு நடுவில் கண்டுபிடித்த வழி அது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வி.பி. ஆத்ரேயாவும் 1997-ல் இந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் எந்தெந்த மாவட்டத்தில், எந்தெந்த வட்டாரத்தில் இது நடக்கிறது என்று எழுத முடிந்தது.

சரி, எதை நம்பக் கூடாது? உண்மையை எழுதினால் எழுதியவருக்கே அடி விழும் எண்களை. ரிவ்யூ மீட்டிங்கில் "உங்க ஏரியாவில் மட்டும் ஏன் இத்தனை குறைந்த எடைக் குழந்தைகள்?" என்று நிற்கவைத்துத் திட்டினால், அடுத்த மாதம் குறைந்த எடைக் குழந்தைகள் காணாமல் போவார்கள். குழந்தைகள் மாறவில்லை, நோட்டுதான் மாறியது. 18 வயதுக்குக் கீழே கர்ப்பமான பெண்ணின் வயதும் அந்த வகைதான். உண்மை வயதைப் பதிந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போக வேண்டும். கணவன் ஜெயிலுக்குப் போவான் என்ற பயத்தில் குடும்பம் 19 என்று சொல்கிறது, ஆதாரைக் காட்டத் தயங்குகிறது, சில சமயம் பதியவே வராமல் இருந்துவிடுகிறது. அதனால் இளவயது கர்ப்பம் குறைந்திருக்கிறது என்று ஒரு அட்டவணை சொன்னால், அதை இன்னொரு வழியில் சரிபார்க்காமல் நான் ஏற்க மாட்டேன். 100 சதவீதம் என்று வரும் எதையும்கூட.

வேலைச் சுமையும் இதில் சேர்த்தி. ஒரே குழந்தையின் தடுப்பூசியை நோட்டில், தாய் சேய் அட்டையில், பிக்மியில், யூவின் என்ற தடுப்பூசிப் பதிவுத் தளத்தில் என்று எழுத வேண்டியிருக்கிறது. நெட் கிடைக்காத ஊரில் பகலில் நோட்டில் எழுதி, இரவு வீட்டில் சமைத்து முடித்து ஆப்பில் ஏற்றுகிறார்கள். அசதியில் ஏற்றும்போது பாட்டியின் பி.பி. தாத்தாவுக்குப் போவது இயல்புதான். இதைத் திறமைக் குறைவு என்று சொல்லி மறுபடியும் ஒரு நாள் பயிற்சி வைப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். கட்டங்களைக் குறைப்பதுதான் மருந்து. யாருமே படிக்காத கட்டத்தை முதலில் எடுத்துவிட வேண்டும்.

மேற்பார்வை எப்படி இருக்க வேண்டும் என்றால், பகுதி சுகாதார செவிலியர் மாதம் பத்து வீட்டை முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்து, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு, அதே கையில் பி.பி. பார்த்து ஒப்பிட வேண்டும். "சிஸ்டர் வந்தாங்களா?" என்று கேட்பது மேற்பார்வை இல்லை. ஊர்க்காரர்கள் தங்கள் நர்ஸம்மாவைக் காட்டிக்கொடுக்கவே மாட்டார்கள். ஒப்பிட்டதில் வித்தியாசம் வந்தால் பட்டை சின்னதா, கருவி கெட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும், ஆளைப் பற்றிய சந்தேகம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியதும் இருக்கிறது. அடுத்த முறை தன்னார்வலர் வரும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் கையை நீட்டுங்கள். நாற்காலி போட்டு, கையை மேசையில் வையுங்கள். மாத்திரை அட்டையை மிச்சத்தோடு காட்டுங்கள், விட்டுப்போன நாளைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். எண்ணை உங்கள் அட்டையிலும் எழுதித் தரச் சொல்லுங்கள், போன மாத எண்ணோடு ஒப்பிட்டு என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். கருவியை எடுக்காமலே எழுதினால், சண்டை போடாமல், "ஒருதரம் பார்த்துடுங்கம்மா" என்று கையை நீட்டினால் போதும். உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த வெளிமாநிலக் குடும்பம் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், அவருடைய பட்டியலில் அவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார்.